கான்கிரீட்டுக்கு வேர்க்குது, கொஞ்சம் பொறுங்க!

செருப்பைக் கழற்றக் குனியாதீர்கள். கோயில் ஊருக்கு வந்த பழக்கத்தில் கால் தானாக வாசலில் நிற்கும். ஆனால் இந்தக் கல்யாண மண்டபத்துக்குள் முன்பக்கம் மூடிய ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். இந்தாருங்கள் மஞ்சள் ஹெல்மெட், கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை. கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி. கைக்கு ரப்பர் உறை. முன்னால் போட்டவரின் வேர்வை உள்ளே இன்னும் காயவில்லை, கண்டுகொள்ளாமல் மாட்டிக்கொள்ளுங்கள். வாங்க வாங்க, ஆரம்பித்துவிட்டார்கள்!

குலசேகரன்பட்டினம், ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை என்பதால் மண்டபம் சல்லிசாகக் கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் எபாக்ஸி வாளிகள். பந்திக் கூடத்தில் இரண்டடிக்கு இரண்டடி கான்கிரீட் பலகைகள் தரையில் வரிசையாகக் கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் எண். சாம்பார் மணக்க வேண்டிய இடத்தில் தின்னர் நெடி. மணமகள் அறைக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகளுக்குப் பக்கத்திலேயே, 'கையுறையோடு முகத்தைத் தொடாதே' என்று மார்க்கரில் எழுதிய தாள். எனக்கு இதையெல்லாம் பார்த்ததும் விசில் அடிக்கத் தோன்றியது.

இது ஒரு வகுப்பு. கான்கிரீட்டின் மேல் அடிக்கும் பாதுகாப்புப் பூச்சுக்கு சைட்டில் 'கோட்டிங்' என்றுதான் பெயர். அதைச் சோதித்துச் சொல்லும் இன்ஸ்பெக்டர் ஆவதற்கு இங்கே கைப்பழக்கம் கொடுக்கிறார்கள். சான்றிதழ் இங்கே கிடைக்காது. அது அமெரிக்காவின் ஏ.எம்.பி.பி. போன்ற அமைப்புகளின் பயிற்சியிலும் பரீட்சையிலும் தேறி வாங்குவது. அதற்கான கட்டணம் சின்னத் தொகை இல்லை. கட்டிவிட்டுத் திணறுவதற்கு முன்னால் இங்கே திணறிப் பழகட்டும் என்று, வளைகுடாவில் பல காலம் இன்ஸ்பெக்டராக இருந்து ஊர் திரும்பியவர் ஒருவர் நடத்துகிறார். பெயர் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எல்லோருக்கும் அவர் 'சார்', டீ கொண்டுவரும் பையனுக்கு மட்டும் 'அண்ணாச்சி'.

குலசை என்றதும் ராக்கெட்டா என்பீர்கள். 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து, இந்த ஊர்க்காரர் வெளியூர் போனால் முதல் கேள்வி அதுதான். அந்த வேலிக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை, இந்த வகுப்புக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். 986 கோடி ரூபாய்த் திட்டமாக அறிவிக்கப்பட்ட ஏவுதளம் ஒரு பக்கம். கல்லாமொழியில் 660 மெகாவாட் யூனிட் இரண்டு கொண்ட உடன்குடி அனல்மின் நிலையம், அதற்கு நிலக்கரி இறக்கக் கடலுக்குள் நீளும் பாலம் இன்னொரு பக்கம். வடக்கே தூத்துக்குடித் துறைமுகம், தெற்கே கூடங்குளம். அத்தனையும் கான்கிரீட், அத்தனைக்கும் உப்புக்காற்று. "ராக்கெட் மேல போறது அவங்க பாடு. கீழ நிக்கிறது நம்ம பாடு" என்கிறார் சார். பயிற்சிக்கு வந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. பல தடவை கேட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்ப் பெரியவர்களிடம் அதிகாரி, சோதனை என்றெல்லாம் பேச்செடுத்தால் 1942-க்குப் போய்விடுவார்கள். ஆகஸ்ட் போராட்டத்தின்போது இங்கே உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார உப்புத்துறை அதிகாரி கொல்லப்பட்ட வழக்கு அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. இப்போது உருவாகிற இன்ஸ்பெக்டர்களின் ஆயுதம் ஒரு சுத்தியலும் டார்ச் லைட்டும்தான்.

சரி, மணி காலை ஏழு. முதல் காட்சியே பரபரப்பு. நேற்று மதியம் மூன்று மணிக்கு ஒவ்வொரு பலகையின் மேலும் பதினெட்டு அங்குலச் சதுரத்தில் கண்ணாடிபோல் தெரியும் பாலித்தீன் தாளை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். குறைந்தது பதினாறு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். இப்போது சரியாகப் பதினாறு. எந்தத் தாளின் அடியில் தண்ணீர் கோத்திருக்கும் என்று நேற்று ராத்திரியே பந்தயம் கட்டியாகிவிட்டது. தோற்றவர் எல்லோருக்கும் உடன்குடிப் பதநீர்.

மூன்றாம் எண் பலகை, வார்த்து ஒரு வாரம்தான் ஆகிறது. தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். "எடுத்திராத, எடுத்திராத, மொதல்ல போட்டோ!" ஐந்தாம் எண், இரண்டு மாதம் முன் வார்த்தது, காய்ந்து கிடக்கிறது. ஏழாம் எண்ணில்தான் சண்டை. ஒரு துளிகூட இல்லை, ஆனால் தாள் இருந்த இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. தண்ணி இல்லையே, பாஸ்தானே என்று ஒரு கட்சி. நிறம் மாறியிருக்கே என்று இன்னொரு கட்சி. சார் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து விரலால் தடவிப் பார்க்கிறார்.

"கறுத்தாலும் ஈரந்தான்ல. இரும்புல துரு இருந்தா கண்ணுக்குத் தெரியும். இவன் உள்ள தண்ணிய வச்சுக்கிட்டு மேல ஒண்ணுமே தெரியாத ஆளா இருப்பான். இதுக்கு மேல பெயின்ட் அடிச்சா, மூணு மாசத்துல கொப்புளம் கொப்புளமா எந்திரிக்கும். திட்டு யாருக்கு? அடிச்சவனுக்கு இல்ல, 'சரி அடி'ன்னு கையெழுத்துப் போட்டவனுக்கு."

பதநீர் செலவு உடன்குடிப் பெயின்டிங் கான்ட்ராக்டர் மகன் தலையில் விழுந்தது. அவர் வந்ததே அப்பாவின் உத்தரவால்தான். "எங்கப்பா சொன்னாவ, 'இன்ஸ்பெக்டர் என்னத்தப் பாக்கான்னு தெரிஞ்சுட்டு வா'ன்னு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். சாருக்குக் கேட்டுவிட்டது. கேட்காததாக நடித்தார்.

பின்வாசல் வழியாக வாருங்கள், சமையல்கட்டைத் தாண்டி. பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் இருவர் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் சட்டத்தைக் கைப்பிடியில் மாட்டிச் சுழற்றுகிறார்கள். விலகி நில்லுங்கள், போன பேட்சில் ஒன்று தூணில் பட்டுச் சிதறியிருக்கிறது. சட்டத்தில் இரண்டு தெர்மாமீட்டர்கள், ஒன்றின் அடியில் மட்டும் நனைத்த துணி. சுழற்றச் சுழற்ற ஈரத்துணி காய்ந்து அந்த அளவு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அட்டவணையில் பார்த்தால் காற்றின் ஈரப்பதமும் ட்யூ பாயின்டும் தெரியும். எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியுமோ, அதுதான் ட்யூ பாயின்ட். பூசப்போகும் பரப்பு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருந்தால்தான் வாளியையே திறக்கலாம். கோட்டிங் உலகம் முழுக்க ஓதுகிற பாடம் இது.

இன்று காலை காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். ட்யூ பாயின்ட் 24-க்குச் சற்று மேல். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த பலகையின் மேல்பரப்பு 26. வித்தியாசம் இரண்டுகூட வரவில்லை. "அப்ப வெயில் ஏறட்டும், ஏறினதும் அடிச்சிரலாம்" என்கிறார் சவுதியிலிருந்து திரும்பிய நாற்பது வயதுக்காரர். இரும்புக் குழாய்க்குப் பெயின்ட் அடித்தே பழகியவர். சார் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார் போலும், முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கதான் மாட்டுவிய. வெயில் ஏற ஏற கான்கிரீட் மூச்சு விடும். உள்ள இருக்கிற காத்து சூடாகி, விரிஞ்சு, வெளிய வரும். அந்நேரம் பெயின்ட் அடிச்சா ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு ஊசித்துளை. சாயங்காலம் சூடு இறங்கும்போது அடிச்சா மூச்ச உள்ள இழுக்கும், பெயின்டும் கூடவே துளைக்குள்ள எறங்கும்."

சாயங்காலம் தாமதமானால் மறுபடியும் பனி. காலையிலும் கூடாது, உச்சியிலும் கூடாது, இருட்டினாலும் கூடாது. கடலோரத்தில் கான்கிரீட்டுக்கு நல்ல நேரம் பார்ப்பதற்கு ஜோசியரைவிட இவர்களுக்கு அதிக வேலை. அந்த நல்ல நேரத்தைச் சொல்வது இன்ஸ்பெக்டரின் பிழைப்பு. 'இப்போ வேண்டாம்' என்று சொல்லத் தெம்பு வேண்டும். பக்கத்தில் இருபது பெயின்டர்கள் தினக்கூலியோடு நிற்பார்கள், கான்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக் கேட்டால் இந்த வகுப்பு உண்மையில் சொல்லிக்கொடுப்பது அந்தத் தெம்பைத்தான், மீட்டர்கள் எல்லாம் அதற்குச் சாக்கு.

இப்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள், கிரைண்டர் ஓடுகிறது. வார்த்த கான்கிரீட்டின் மேலே படியும் வெளுத்த மெல்லிய படலத்தைக் கொத்தனார்கள் 'சிமென்ட் பால்' என்பார்கள். பார்க்க வழவழப்பு, பலம் கிடையாது, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த எபாக்ஸியை அடித்தாலும் அது பாலோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். அதை வழித்தெடுத்து, பெயின்ட் கவ்விப் பிடிக்கச் சொரசொரப்பு உண்டாக்குகிறார்கள். எவ்வளவு சொரசொரப்பு? அதற்குத்தான் சார் பைக்குள்ளிருந்து ஒரு கட்டு ரப்பர் வில்லைகளை எடுக்கிறார். அமெரிக்காவின் கான்கிரீட் பழுதுபார்ப்போர் அமைப்பு வெளியிடும் பத்து வில்லைகள். ஒன்று கிட்டத்தட்ட வழவழ, பத்து கரடுமுரடு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் வில்லையையும் இன்னொரு கையால் பலகையையும் தடவி, எது எதோடு சேர்கிறது என்று சொல்ல வேண்டும். நானும் தடவினேன். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே என் விரல் தடுமாறியது. டிப்ளமோ சிவில் முடித்த திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண் தயங்காமல் "மூணு சார்" என்றார். மூன்றுதான்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வித்தை, இதற்கு ஒரு பைசா செலவில்லை. பலகையில் விரலால் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒரு பாதியில் தண்ணீர் உடனே உறிஞ்சிக் கறுக்கிறது. மறுபாதியில் உருண்டு உருண்டு நிற்கிறது. அங்கே வார்ப்பு அச்சில் தடவும் ஷட்டரிங் ஆயில் படிந்திருக்கிறது. தண்ணீரையே உள்ளே விடாத பரப்பு, பெயின்டை எங்கே விடும்?

இதைக் கேட்டதும் குலசைக்கார இளைஞர் ஒருவர் துள்ளி எழுந்தார். தசராவுக்கு வருஷா வருஷம் காளி வேஷம் கட்டுகிறவர். "சார், இது எங்களுக்குத் தெரியும். மூஞ்சியில எண்ணப்பிசுக்கோ வேர்வையோ இருந்தா வர்ணம் நிக்காது. நல்லாக் கழுவித் தொடச்சு, மொதப் பூச்சுக் காயவிட்டு, அதுக்கு மேலதான் செவப்பு. அவசரப்பட்டா சூரசம்ஹாரத்துக்குள்ள காளி மொகம் வழிஞ்சிரும்." கூடம் அதிரச் சிரிப்பு. சார் கரும்பலகையில் எழுதியிருந்த தலைப்பை அழித்துவிட்டு 'காளி மேக்கப்' என்று எழுதினார். இந்த விளக்கத்துக்கு மேல் எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தேவைப்படவில்லை.

காளிக்கு ஒரு பாராட்டு என்றால் மணப்பாட்டுத் தம்பிக்கு இன்னொன்று. அவர் ஃபைபர் வள்ளங்களுக்குப் பழுது பார்க்கிறவர். சுத்தியலால் பலகையைத் தட்டி உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று காதால் கண்டுபிடிக்கும் பாடம் வந்தபோது, மற்றவர்கள் பலகையின் நீள அகலத்துக்குத் தட்டிக்கொண்டிருக்க, அவர் நாலு தட்டில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டார். கெட்டியான இடத்தில் 'ணங்', பொள்ளல் இடத்தில் 'டொக்'. சார் வேண்டுமென்றே உள்ளே தெர்மாகோல் துண்டை வைத்து வார்த்திருந்த இடம் அதுதான். "எப்படில?" "வள்ளத்துல ஃபைபர் ஒட்டாம விட்ட எடம் இப்படித்தான் சார் பேசும். கடல்ல போயித் தெரியறதுக்குள்ள கரையிலயே தெரிஞ்சுக்கணும்."

டீ வந்தாச்சு. இஞ்சி தூக்கலாக, கருப்பட்டி போட்டது. எல்லோரும் சமையல்கட்டுத் திண்ணையில். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடக்கிறது. இந்த இடைவேளையில்தான் வம்பு, வரலாறு எல்லாம்.

பெயின்ட் சோதிப்பதை ஒரு படிப்பாக்கிய கதையை சார் சொல்லச் சொல்லப் பையன்கள் போனைக் கீழே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் துருப்பிடித்த கவலையில் 1943-இல் பதினொரு பொறியாளர்கள் தொடங்கியது நேஸ். 1950-இல் இரும்புக் கட்டுமானப் பெயின்டுக்காகத் தனியாக எஸ்.எஸ்.பி.சி. நேஸ் 1983-இல் கோட்டிங் இன்ஸ்பெக்டர் பயிற்சியைத் தொடங்கியது. கான்கிரீட்டுக்கென்று தனி இன்ஸ்பெக்டர் பயிற்சி கொண்டுவந்தது எஸ்.எஸ்.பி.சி. பல காலம் போட்டியாளர்களாக இருந்த இரண்டும் 2021-இல் ஒன்றாகிப் பிறந்ததுதான் ஏ.எம்.பி.பி. நார்வேயின் ஃப்ரோசியோ என்றொரு சான்றிதழும் உண்டு. வளைகுடாவில் வேலை விளம்பரத்தில் இவற்றில் ஒன்று இல்லாமல் வரி முடியாது.

"மேல் நிலைக்குப் போகணும்னா அப்ப பியர் ரிவ்யூன்னு ஒண்ணு உண்டு. மூணு பேரு எதுக்க உக்காந்து வாயாலயே கேப்பாங்க. எழுதறதுக்கும் இல்ல, பாத்து ஒப்பிக்கிறதுக்கும் இல்ல. ஏசி ரூம்ல எனக்குச் சட்டை நனைஞ்சு போச்சு." அப்போது கேட்ட கேள்வி என்ன என்று நான் கேட்டேன். வாய் திறக்க மறுத்துவிட்டார். பரீட்சைக் கேள்வியை வெளியே சொல்வதில்லை என்று அப்போது போட்ட கையெழுத்து இன்றைக்கும் செல்லுமாம். ஆள் பக்கா இன்ஸ்பெக்டர்!

அமெரிக்கா வரை போவானேன். காரைக்குடியில் 1948-இல் தொடங்கிய சிக்ரி, நம் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் மையம் வைத்து உலோகங்களையும் பூச்சுகளையும் கடல்நீருக்கும் உப்புக்காற்றுக்கும் தின்னக் கொடுத்து ஆராய்கிறது. மண்டபம் என்றால் இந்த மண்டபம் அல்ல, பாம்பன் பக்கத்து மண்டபம். இந்த விளக்கத்தைச் சொல்லும்போது டீப் பையன் மட்டும் ஏமாந்த முகத்தோடு நின்றான்.

கான்கிரீட்டுக்கு ஏன் சட்டை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், உள்ளே போனால் நேரம் இருக்காது. நல்ல கான்கிரீட் காரத்தன்மை உடையது, பி.எச். 12-க்கு மேல். அந்தக் காரத்தில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் தூங்கும். உப்பு நுண்துளைகள் வழியே மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டால் தூக்கம் கலைந்துவிடும். துரு இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வரும். அதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, அலை ஏறி இறங்கும் இடத்துக்குக் குறைந்தது எம்40 கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 75 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது. கோட்டிங் அதற்கு மேல் ஒரு காவல், அவ்வளவே. வேதியியல் போதும், உள்ளே கத்துகிறார்கள்.

கத்தியது ஒரு வாளிக்காக! எபாக்ஸியின் இரண்டு பாகங்களைக் கலந்துவிட்டு டீக்குடிக்க வந்த கான்ட்ராக்டர் மகன், கலவையை வாளியிலேயே விட்டுவிட்டார். மொத்தமாக ஒரே இடத்தில் இருந்தால் அது தன் சூட்டிலேயே கொதிக்கும். இப்போது புகைகிறது. தள்ளி நின்று பார்க்கிறோம். சிறிது நேரத்தில் குச்சி நட்டது நட்டபடி கல்லாகிவிட்டது. கலந்த எபாக்ஸி பூசும் பதத்தில் இருக்கும் நேரத்துக்குப் பெயர் 'பாட் லைஃப்'. "பாட் லைஃப்னா என்னன்னு மறக்கவே மாட்டான் இனி" என்றார் சார், கோபமே இல்லாமல். வாளியைக் கீழே ஆற வைத்து, 'பாடம் 1' என்று எழுதி மேடையில் குத்துவிளக்கு வைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த கலவையை அகலமான தட்டில் கொட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடிக்கத் தொடங்கினார்கள். பிரஷை இழுத்த சுவடு ஆறுவதற்குள் பெயின்டில் ஒரு பல்வரிசையைக் குத்தி எடுக்க வேண்டும். உலோகச் சீப்புதான் அது, ஒவ்வொரு பல்லும் வெவ்வேறு உயரம், பக்கத்தில் மைக்ரான் எண். எந்தப் பல் வரை பெயின்ட் ஒட்டுகிறதோ அதுதான் ஈரப்பூச்சின் கனம். அறுபது சதவீதம் திடப்பொருள் உள்ள பெயின்ட் ஈரமாக 200 மைக்ரான் நின்றால் காய்ந்தபின் 120-தான் மிஞ்சும், மீதி காற்றோடு போகும். இந்தக் கணக்கைக் காளி விரல்விட்டுப் போட்டுக்கொண்டே அதே சீப்பால் தலையை வாரப்போனார். பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துத் தடுத்தது நல்லதாயிற்று, நுனியில் எபாக்ஸி.

அப்போது பார்த்து ஆடிக்காற்று. கதவைச் சாத்தச் சாத்த, தேரியின் செம்மண் எங்கிருந்தோ நுழைந்து ஈரப் பூச்சின் மேல் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்தது. சவுதிக்காரர் பாய்ந்து ஊதப் போனார். "ஊதாதிய! எச்சில் தெறிக்கும். விடுங்க, காயட்டும். 'மேற்பரப்பில் மணல், இத்தனை சதுர அடியில் இத்தனை'ன்னு எழுதுங்க. சரிபண்றது பெயின்டர் வேல, பாத்ததைச் சொல்றது உங்க வேல." இந்தப் பிரிவினையை அவர் அன்று எத்தனை தரம் சொன்னாரோ! பிரஷ் இன்ஸ்பெக்டர் கைக்கு வரவே கூடாது. பார்த்ததைப் பெயின்டர் பக்கமும் சாயாமல் முதலாளி பக்கமும் சாயாமல் தாளில் வைத்துவிட்டு நகர வேண்டும். சும்மா நிற்பதுதான் சவுதிக்காரருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

போன பேட்ச் அடித்து நன்றாகக் காய்ந்த பலகைகள் கொட்டகையில் இருக்கின்றன. இரும்பின் மேல் காந்த மீட்டர் வைத்து உடனே கனம் படிக்கலாம், கான்கிரீட்டில் அது பலிக்காது. அல்ட்ராசவுண்ட் மீட்டர் வேண்டும், முனையில் ஜெல் தடவ வேண்டும். ஜெல்லைப் பார்த்ததும் மணப்பாட்டுத் தம்பி முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "டாக்டர், தாயும் பிள்ளையும் நலமா?" என்றார். டிப்ளமோப் பெண் திரையைப் படித்து, "தலை திரும்பியிருக்கு, 310 மைக்ரான்" என்றார். இருவரும் இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அதன்பின் வந்தது பிடுங்கும் சோதனை. பூச்சின் மேல் ஐம்பது மில்லிமீட்டர் உலோக வில்லையை முன்தினமே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அதைச் சுற்றிக் கான்கிரீட் வரை வட்டமாக வெட்டியும் வைத்திருக்கிறார்கள். அந்த வில்லையின் பெயர் 'டாலி'. மேலே கருவியை மாட்டி, பிடியைச் சுற்றச் சுற்ற இழுவிசை ஏறுகிறது. ஒன்று... ஒன்றரை... இரண்டு மெகாபாஸ்கல். யாரும் மூச்சு விடவில்லை. இரண்டரையைத் தாண்டியதும் 'டப்!' நான் ஓரடி பின்னால் குதித்தேன். டாலியின் அடியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு துண்டுக் கான்கிரீட்டே கையோடு வந்திருக்கிறது. கைதட்டல்! உடைந்தது கான்கிரீட், ஒட்டு உடையவில்லை. அடுத்த பலகையில் அரையைக்கூட எட்டவில்லை, சத்தமே இல்லாமல் கழன்றது. டாலியின் அடியில் முழுப் பூச்சும் அப்படியே, அதன் முதுகில் வெள்ளை மாவு. தேய்க்காமல் விட்ட சிமென்ட் பால். காலையில் கிரைண்டர் தூசியில் தும்மித் தும்மி அலுத்துக்கொண்டவர்கள் அந்த மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

கடைசி வேலை ரிப்போர்ட் எழுதுவது. பலகைகள் எல்லாம் தீர்ந்துவிட்டதால் எதையாவது தேடிப் போய்ப் பாருங்கள் என்றார் சார். மணப்பாட்டுத் தம்பியின் சுத்தியல் நேராக மண்டபத்தின் கடல் பக்கத் தூணுக்குப் போனது. 'டொக்.' மறுபடி 'டொக்.' தூணின் அடியில் தானாகவே உதிர்ந்து கிடந்த ஒரு சில்லை எடுத்து உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார்கள். முன்பு பலகைச் சில்லில் தெளித்தபோது பட்டுப்புடவை இளஞ்சிவப்பு பளீரென்று வந்தது, காரம் இருந்தால் வரும் நிறம். அது இங்கே வரவில்லை. நிறமே மாறவில்லை. காரம் போய்விட்டது, அங்கே கம்பிக்கு இனிக் காவல் இல்லை.

சத்தம் கேட்டு மண்டப ஓனர் அண்ணாச்சி வந்துவிட்டார், துண்டை உதறிக்கொண்டு. "ஏம்ப்பா, வாடகைக்கு விட்டா எடத்தையே தட்டிப் பாப்பியளா?" விஷயத்தைச் சொன்னார்கள். தூணைத் தானே ஒரு முறை தட்டிக் கேட்டார், முகம் இறங்கியது. "ஒரு கோட்டு நல்ல பெயின்டா அடிச்சுவிட்டா?"

பத்துக் குரல்கள் ஒரே நேரத்தில்: "கூடாது!"

பொள்ளலைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, பூசி, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் பெயின்ட் என்று ஆளுக்கொரு பக்கம் விளக்கினார்கள். டிப்ளமோப் பெண் மட்டும் பேச்சில் கலக்காமல் தூணின் எண், திசை, தரையிலிருந்து உயரம், பொள்ளலின் நீள அகலம் எல்லாம் அளந்து தாளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏ தாயி, அதெல்லாமா எழுதுத?" அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "அந்த வரிய மட்டும் அழிச்சிரேன்."

"அழிக்கக் கூடாது அண்ணாச்சி. தப்பா எழுதியிருந்தாக்கூட ஒரு கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

"அப்ப ஒண்ணு செய்யி. 'ஓனர் சரிபண்ணிருவேன்னு சொன்னார்'னு ஒரு வரி சேத்துக்க."

"சேத்துக்கிடுதேன். எப்பன்னு சொல்லுங்க."

"ஆவணி பொறக்கட்டும்மா."

பேனா தாளின் மேலேயே நின்றது. "ஆவணி எத்தனை அண்ணாச்சி?"